பிர்ச் கன்று: மேட்டில் நெஞ்சளவு, பள்ளத்தில் முழங்கால் அளவு

கோத்தகிரிக்காரன்:
மூன்று வருஷத்துக்கு முன்பு தேயிலைக்கு மேலே காலியாகக் கிடந்த சரிவில் பத்து வெள்ளி பிர்ச் (ஐரோப்பாவின் வெள்ளைப் பட்டை மரம்) கன்று வைத்தேன். மேட்டில் நிற்கும் ஆறும் நெஞ்சளவு வந்துவிட்டன. கீழே ஊற்றுப் பக்கம் வைத்த நாலும் முழங்காலைத் தாண்டவில்லை, இலையெல்லாம் மஞ்சள். ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் கறுத்து, சாக்கடை வாடை. உரம் போட்டால் தேறுமா?

நர்சரி அக்கா, குன்னூர்:
உரத்தைப் பையிலேயே வையுங்கள் தம்பி. வெள்ளி பிர்ச்சுக்குத் தண்ணீர் வடியும் மண் வேண்டும். காற்றில்லாமல் வேர் அழுகியிருக்கிறது. ஐரோப்பாவில் சதுப்பில் தாக்குப்பிடிப்பது இதன் தங்கை, இளங்கிளையில் பூனைமயிர் உள்ள பிர்ச். தேயிலைத் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்களின் நிழல் விழுகிறதா? நிழலும் இதற்கு ஆகாது.

கோத்தகிரிக்காரன்:
நிழல் இல்லை அக்கா. ஆனால் மேட்டுக் கன்றுகளும் சீக்கிரமே நுனிமொட்டை மூடிக்கொண்டு தூங்கிவிடுகின்றன.

பழைய வனக்காவலர்:
அது பகல் நீளத்தின் வேலை. பிர்ச் இயல்பாக வளரும் பின்லாந்தில், ஹெல்சிங்கியில் ஜூனில் பகல் கிட்டத்தட்ட 19 மணி நேரம். நமக்கு 13-ஐக்கூடத் தொடாது. பகல் குறுகினால் குளிர்காலம் வந்துவிட்டதென்று பிர்ச் வளர்ச்சியை நிறுத்திவிடும். ஐரோப்பாவின் வடகோடியிலிருந்து வந்த விதை என்றால் இன்னும் மோசம். விதை எந்த ஊரிலிருந்து வந்தது, கேட்டீர்களா?