வியன்னா ஸ்பானிஷ் ரைடிங் ஸ்கூல்: இது கலையா, வெறும் ஷோவா?

குதிரைப்பிரியன்: வியன்னால இருக்குற ஸ்பானிஷ் ரைடிங் ஸ்கூல்ங்குற குதிரையேற்றப் பள்ளில, லிப்பிசானர்ங்குற இனத்துக் குதிரைங்க ஆடுற வீடியோ பாத்தேன், அசந்துட்டேன். 2015ல யுனெஸ்கோ இதை பாரம்பரியக் கலைன்னு பட்டியல்ல சேத்துச்சாமே? டூரிஸ்டுக்கு காட்டுற ஷோவுக்கு எதுக்குங்க அது?

வெள்ளைக்குதிரை: ஷோ மேல தெரியுறது மட்டும்தான் ப்ரோ. யுனெஸ்கோ மதிச்சது அந்தக் கத்துக்கொடுக்குற முறையை. புதுசா சேர்ற பசங்களுக்கு மொதல்ல கடிவாளமும் கிடையாது, கால் வைக்க வளையமும் கிடையாது, குதிரைய நீளக் கயித்துல வட்டமா ஓட விட்டு உடம்பு தானா பேலன்ஸ் ஆகுற வரைக்கும் உக்காந்தே பழகணும். பழுத்த அனுபவமுள்ள குதிரை புது ஆளுக்கு சொல்லிக்கொடுக்கும், அப்புறம் அந்த ஆளு வளந்து, ஒரு இளங்குதிரைய தானே முழுசா பழக்கிக் காட்டினாத்தான் ரைடர் பட்டமே. வருஷக்கணக்குல ஆகும். பெரும்பாலும் வாய்வழியாவே வர்ற வித்தை, ஒரு தலைமுறை விட்டுட்டா போச்சு.

ரேவதி: பொண்ணுங்களுக்கு அங்க இடம் உண்டா அண்ணா?

வெள்ளைக்குதிரை: 2008லதான் மொதமொதல்ல எடுத்தாங்கம்மா. பள்ளியோட சரித்திரம் 16ஆம் நூற்றாண்டுல இருந்து வருது, இவ்ளோ லேட்டானது எனக்கு வருத்தம்தான்.

குதிரைப்பிரியன்: அந்தரத்துல தாவி பின்னங்காலை உதைக்குதே, அது அடிச்சுப் பழக்குறதா?

வெள்ளைக்குதிரை: அது கேப்ரியோல். குதிரைங்க மேய்ச்சல்ல தானா துள்ளுறதையே மெருகேத்துறாங்க, எல்லாக் குதிரைக்கும் அது வராது, வர்றதுக்கு மட்டும்தான் சொல்லித்தருவாங்க. முடிஞ்சா ஷோவ விட காலைப் பயிற்சிய போய் பாருங்க, அங்கதான் பாடம் நடக்குறது தெரியும்.