பேருந்து வீட்டில் உணவுச் சேமிப்பு: மழைக்காலம் கழிந்தபின் ஒரு புதுப்பிப்பு

பழைய பேருந்தை வீடாக்கிக் கும்பகோணத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே குடியிருக்கும் நாங்கள், அரிசியில் வண்டு விழாமலும் ஊறுகாய் பூஞ்சை பூக்காமலும் காப்பது எப்படி என்று சித்திரையில் கேட்டிருந்தோம். வடகிழக்குப் பருவமழை ஒன்றைக் கடந்துவிட்டதால், நடந்ததைச் சொல்கிறேன்.

அரிசிக்கு வேப்பிலை, வசம்பு இரண்டும் போட்டும் வண்டு வந்தது. 10 கிலோவுக்கு மேல் வாங்காமல், இறுக மூடும் எவர்சில்வர் டப்பாவில் வைத்த பிறகே தொல்லை குறைந்தது.

நார்த்தங்காயில்தான் ஏமாந்தேன். சுருளாக அரிந்து, கல்லுப்பு அடைத்து, மூன்று நாள் ஜாடியில் ஊறவிட்டுப் பேருந்தின் கூரைமேல் காயவைத்தேன். கொதிக்கும் தகரத்தில் மேல்தோல் முறுகியதே தவிர உள்ளே ஈரம் வற்றவில்லை என்பதை, ஒன்பதாம் நாள் மூடியின் உட்புறம் கோத்திருந்த நீர்த்துளிகளையும் காயின்மேல் படர்ந்திருந்த வெண்பூஞ்சையையும் பார்த்த பின்பே உணர்ந்தேன். அத்தனையும் குப்பைக்குப் போயிற்று. இப்போது தகரத்தின்மேல் பலகையும் அதன்மேல் பாயும் விரித்து உலர்த்துகிறேன். அந்தியில் எடுத்து அதே உப்புநீரில் போட்டு, அந்த நீர் முழுவதும் காயில் இழுபடும்வரை நாள்தோறும் இதையே செய்கிறேன்.

மழைமூட்டத்தில் சூரியத் தகடு மின்கலத்தை நிரப்பாததால், 12 வோல்ட் குளிர்பெட்டியை நம்பிப் பால், மீன் எதையும் சேர்த்துவைப்பதில்லை. இரவு மிஞ்சும் சோற்றில் நீரூற்றிவைத்தால், காலையில் மோர்மிளகாயுடன் பழையது தயார்.

கருவாட்டை உள்ளே வைக்க மட்டும் என் மனைவி இன்னும் சம்மதிக்கவில்லை. அது பின்பக்க ஏணியில் கட்டிய மூடிபோட்ட வாளியில் எங்களோடு பயணம் செய்கிறது.