பைலட் படிப்புக்குப் பணம் கட்டியவர்கள் வாங்க, அனுபவத்தைச் சொல்லுங்க

ஓமலூர்க்காரன்:
மகன் சிபிஎல், அதாவது கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் படிப்பை முடித்துவிட்டான். பார்க்கிறவர்கள் எல்லோரும் "மொத்தம் எவ்வளவு ஆச்சு?" என்றுதான் கேட்கிறார்கள். "எப்படிக் கட்டினீங்க?" என்று ஒருவரும் கேட்பதில்லை. எனக்கென்னவோ அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

நாங்கள் விசாரித்த இடங்களில் 45 லட்சத்திலிருந்து 55 லட்சம் வரை சொன்னார்கள். உத்தரப் பிரதேசம் ஃபர்சத்கஞ்சில் இருக்கும் அரசின் பறப்புப் பள்ளியான இக்ருவாவுக்கு நுழைவுத் தேர்வு உண்டு. மகனுக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை. அப்புறம் தனியார்தான்.

முதலில் போனது வெளிமாநிலத்தில் ஒரு பள்ளி. அட்மிஷன் அறையில் ஏசி, சுவர் முழுக்க ஏர்பஸ் படங்கள். "இந்த வாரமே முழுத் தொகையும் கட்டினால் மூன்று லட்சம் குறைக்கிறோம் சார்" என்றார்கள். விமானம் நிறுத்தும் ஹேங்கரைப் பார்க்கணும் என்றேன். கொஞ்சம் இழுத்துவிட்டுக் கூட்டிப்போனார்கள். ஐந்து செஸ்னா பயிற்சி விமானங்கள் நின்றன. ஒன்றில் புரொபெல்லரையே காணோம். இன்னொன்று டயரில் காற்று இறங்கி, மூக்கில் தார்ப்பாய் கட்டி, தூசி படிந்து கிடந்தது. "ஸ்பேர் வரணும் சார், வந்ததும் பறக்கும்" என்றார் மெக்கானிக். எத்தனை நாளாக என்று கேட்டதற்குச் சிரித்தார். வெளியே டீக்கடையில் பையன்களிடம் பேச்சுக் கொடுத்தேன். அறுபது பேர் படிப்பதாகச் சொன்னார்கள்.

அங்கேயே கணக்குப் போட்டேன். சிபிஎல்லுக்கு 200 மணி நேரம் பறக்க வேண்டும். ஓடுகிற மூன்று விமானமும் ஒரு நாள் விடாமல் தினம் ஐந்து மணி நேரம் பறந்தால் மாதம் 450 மணி. அறுபது பேருக்குப் பிரித்தால் தலைக்கு ஏழரை மணி. 200 மணி முடிக்க இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். மழை, பனிமூட்டம், இன்ஸ்ட்ரக்டர் ஏர்லைன் வேலைக்குப் போய்விடுவது எல்லாம் இதில் சேரவில்லை. மூன்று லட்சம் தள்ளுபடி எதற்கு என்று அப்போது புரிந்தது.

வேறு பள்ளியில் சேர்த்தோம். நான்கு தவணை. ஒவ்வொரு 50 மணி நேரமும், பறந்த நேரத்தைக் குறிக்கும் லாக்புக்கில் ஏறிய பிறகுதான் அடுத்த தவணை. பாதியில் விலகினால் பறக்காத மணிக்குப் பணம் திரும்ப வர வேண்டும் என்பதையும் லெட்டர்பேடில் எழுதி வாங்கினேன். முகம் சுளித்தார்கள், ஆனால் கொடுத்தார்கள்.

அப்படியும் படிப்பு இழுத்தது. 30 லட்சம் கடன், 11 சதவீத வட்டி என்றால் மாதம் 27,500 ரூபாய். பையன் பறந்தாலும் ஹாஸ்டலில் படுத்திருந்தாலும் அது ஏறிக்கொண்டேதான் இருக்கும். மெஸ், ஹெட்செட், பரீட்சைக் கட்டணம், தேர்ச்சிப் பறப்பில் தவறினால் கூடுதல் மணிநேரம் இதெல்லாம் பிராஸ்பெக்டஸில் பெரும்பாலும் இருக்காது.

பழைய மேனேஜர்:
வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன். தவணை விஷயத்தில் ஓமலூர் சார் சொல்வது ரொம்பச் சரி. கல்விக் கடனில் பணம் உங்கள் கைக்கு வராது, பள்ளி கேட்கும்போது நேராக அங்கே போகும். முழுத் தொகையையும் முதலிலேயே விடுவிக்கச் சொல்லிப் பள்ளி நெருக்கும். அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

7.5 லட்சத்துக்கு மேல் போனால் சொத்து அடமானம் கேட்பார்கள். பொள்ளாச்சிப் பக்கமிருந்து ஒருவர் தென்னந்தோப்புப் பத்திரத்தோடு வந்தார். மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கம் எல்லாம் சுத்தம். இருந்தும் மேலிடம் தயங்கியது. காரணம், கடன் நின்றால் கோர்ட்டுக்குப் போகாமல் வங்கியே அடமானத்தை எடுத்துக்கொள்ள வழி தரும் 2002ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டத்தை வைத்து விவசாய நிலத்தின் மேல் கை வைக்க முடியாது. கடைசியில் மச்சான் வீட்டை வைத்து வாங்கினார். அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்! வீடு அல்லது மனைப் பத்திரம் இருந்தால் அதை முதலில் எடுத்துப் போங்கள். பழைய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கு கல்விக் கடன் வட்டிக்கு எட்டு ஆண்டு வரை கழிவு உண்டு, அசலுக்குக் கிடையாது.

மதுரைப் பொண்ணு:
நான் தென்னாப்பிரிக்காவில் படித்தேன். பறப்பு மளமளவென்று முடிந்தது. செலவு திரும்பி வந்த பிறகு இன்னொரு முறை ஆரம்பித்தது. நம் லைசென்ஸாக மாற்ற விமானத் துறையைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் தாள்களில் 70 மதிப்பெண் எடுக்க வேண்டும், கிளாஸ் 1 மெடிக்கல் என்கிற உடல் தகுதிச் சான்று வேண்டும், அப்புறம் இங்கே ஒரு பள்ளியில் இரட்டை எஞ்சின் விமானத்தில் பறந்து காட்டித் தேர்வு கொடுக்க வேண்டும். அந்தப் பள்ளியில் இருந்தது ஒரே விமானம், வரிசையில் நாங்கள் ஒரு கூட்டம். லாட்ஜ் வாடகை அப்பா தலையில்.

அப்பா சேமிப்பிலிருந்து அனுப்பிய பணத்துக்கு வங்கி டிசிஎஸ் (வெளிநாட்டுக்கு அனுப்பும்போதே முன்கூட்டி வாங்கும் வரி) வேறு பிடித்தது. வரிக் கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்கினார், ஆனால் அதுவரை முடங்கிக் கிடந்தது. 2025 ஏப்ரலிலிருந்து வங்கிக் கல்விக் கடனாக அனுப்பினால் அது இல்லை. சொந்தப் பணமென்றால் ஆண்டுக்கு 10 லட்சம் தாண்டினால்தான்.

காற்றாடி:
ஒரு சின்னத் தகவல். எங்களிடம் ஜிஎஸ்டி என்று தனியாகக் கேட்டார்கள். டிஜிசிஏ அங்கீகாரம் பெற்ற பள்ளியின் அங்கீகரிக்கப்பட்ட பறப்புப் படிப்புக்கு அந்த வரி இல்லை என்று 2024 செப்டம்பரில் கவுன்சில் தெளிவுபடுத்திவிட்டது. பில்லில் பார்த்தால் கேளுங்கள்.

நெல்லைச் சித்தப்பா:
மெடிக்கலைப் பற்றி யாரும் அழுத்திச் சொல்லவில்லையே. அண்ணன் பையனுக்கு ரிஜிஸ்ட்ரேஷன் பணம் கட்டி, யூனிஃபார்மும் தைத்த பிறகு முதல் கட்டமான கிளாஸ் 2 மெடிக்கல் பரிசோதனையில் நிறக்குருடு என்று தெரிந்தது. பச்சைக்கும் சிவப்புக்கும் வித்தியாசம் தெரியாமலேயே பிளஸ் டூ வரை வந்திருக்கிறான், வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. கட்டிய பணம் திரும்ப வராது என்று சொல்லிவிட்டார்கள். கிளாஸ் 1 வரை முடித்து, டிஜிசிஏ மதிப்பீடு கைக்கு வந்த பிறகு பள்ளி வாசலை மிதியுங்கள்.

மதுரைப் பொண்ணு:
ஓமலூர் அங்கிள், டைப் ரேட்டிங்கும் (ஒரு குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டுவதற்கான தனித் தகுதி) போட்டுவிட்டீர்களா? வேலை கிடைக்க அது இருந்தால் சுலபம் என்று ஏஜென்ட் துரத்துகிறார்.

ஓமலூர்க்காரன்:
இல்லம்மா. ஏர்பஸ் ஏ320 என்றால் இன்னொரு 15 லட்சத்தை ஒட்டி வருகிறது. எந்த ஏர்லைன் கூப்பிடும், அவர்களிடம் ஏர்பஸ்ஸா ஏடிஆரா என்று தெரியாமல் அதைக் கட்ட எனக்கு மனசில்லை. கூப்பிட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பையனிடம் சொல்லிவிட்டேன், அவனுக்குக் கொஞ்சம் கோபம்தான். அதுவரை மெடிக்கலையும் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கையும் (கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் தகுதி) வருடா வருடம் புதுப்பிக்க வேண்டுமே, அதற்கென்று தனியாக ஒரு ஆர்.டி. போட்டிருக்கிறேன்.