எம்.எஸ். உதயமூர்த்தி: சேலத்துப் பக்கம் அவரைப் பார்த்தவர்கள், படித்தவர்கள் இருந்தால் எழுதுங்கள்

செவ்வாய்ப்பேட்டைக்காரன்

நல்லபடியாக எண்ணினால் வாழ்க்கை மாறும் என்று ‘எண்ணங்கள்’ புத்தகத்தில் எழுதியவர்; அதற்கு மேல் அவர் யாரென்று இங்கே சொல்ல வேண்டியதில்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

1989 அல்லது 90. மக்கள் சக்தி இயக்கம் ஆரம்பித்து அவர் ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்த சமயம். சேலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம். எனக்கு 17 வயது, கொலுசுப் பட்டறையில் வேலை. ஆறு மணிக்குப் பட்டறையை விட்டு ஓடினேன், கை கழுவக்கூட நிற்கவில்லை. கிளை நூலகத்தில் எடுத்த ‘எண்ணங்கள்’ புத்தகம் சட்டைக்குள் இருந்தது.

நதிகளை இணைப்பது பற்றிப் பேசினார், இளைஞர்களைப் பற்றிப் பேசினார். உண்மையைச் சொன்னால் பேச்சு எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது. மனசெல்லாம் ஒரு கேள்வியில் இருந்தது. கூட்டம் முடிந்ததும் கையெழுத்து வாங்க வரிசை நின்றது, நானும் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டே பேர். சட்டைக்குள்ளிருந்து புத்தகத்தை எடுத்துப் பிரித்தேன். முதல் பக்கத்தில் என் கட்டைவிரல் அப்படியே கறுப்பாகப் பதிந்துவிட்டது. வெள்ளியைப் பற்றவைக்கிற வேலை, விரலில் ஏறிய கரி சோப்புப் போட்டாலே போகாது. எச்சில் தொட்டுத் தேய்த்தேன், இன்னும் பெரிதாகப் பரவியது. அதுவும் நூலகத்துப் புத்தகம். இதை எப்படி அவர் முன்னால் நீட்டுவது?

வரிசையை விட்டு விலகி வெளியே வந்துவிட்டேன். அவர் மேஜைக்கு இரண்டடி தூரம் இருக்கும். வெள்ளைச் சட்டையும், குனிந்து எழுதுகிற தலையும் இன்றைக்கும் கண்ணில் நிற்கின்றன. 2013 ஜனவரியில் அவர் இறந்த செய்தியைப் படித்தபோது முதலில் நினைவுக்கு வந்தது அந்த இரண்டடிதான்.

மலையம்மா மகள்

நான் அவரைப் பார்த்ததில்லை. ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்து லயன் வீடு எங்களுடையது. கீழே சேலத்தில் நர்சிங் படித்தேன். சனிக்கிழமை பஸ் ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவும் முடிந்து வீடு சேர இருட்டிவிடும். விடுதித் தோழி கொடுத்த ‘எண்ணங்கள்’ அப்படித்தான் மலைக்கு வந்தது.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான் சத்தமாகப் படிப்பேன், அம்மா கேட்டுக்கொண்டே வேலை செய்யும். டிசம்பர் மாதம், பழம் பறிக்கிற பருவம். காப்பிப் பழம் பறித்தால் விரலெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டும். அம்மா தேங்காய் எண்ணெய் போட்டுத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தது. திடீரென்று துணியைக் கீழே வைத்துவிட்டு, “இவரோட அம்மா என்ன வேலை பார்த்தாங்கன்னு எழுதியிருக்கா?” என்று கேட்டது.

நான் முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தேன். என் கண்ணில் எதுவும் படவில்லை. “இல்லம்மா” என்றேன். “சரி, படி” என்றது. அவ்வளவுதான்.

அம்மா இப்போது இல்லை. அது குறையாகக் கேட்டதா, இல்லை அவர் மேல் உண்டான பிரியத்தில் கேட்டதா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. பிள்ளை இவ்வளவு நன்றாகப் பேசுகிறானே, பெற்றவள் யாரோ என்று கேட்பதும் அம்மாவின் வழக்கம்தான்.

குச்சிக்கிழங்கு

இரண்டு பேர் எழுதியதையும் படித்தேன், மரியாதையோடு ஒரு மறுப்பைச் சொல்கிறேன். செவ்வாய்ப்பேட்டை அண்ணா, நீங்கள் அந்த இரண்டடியை நினைத்து வருந்த வேண்டாம். போய்க் கேட்டிருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது.

நானும் அவர் புத்தகம் படித்துத்தான் தொழிலில் இறங்கினேன். ஆத்தூர் ரோட்டில் சேகோ மில் (ஜவ்வரிசி ஆலை) ஒன்றில் பங்கு, கடன் வாங்கித்தான். வீட்டுச் சுவரில் ஒரு தாள் ஒட்டி, மூன்று வருடத்தில் இவ்வளவு என்று எழுதி வைத்தேன். தினமும் காலையில் அதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன். இரண்டாவது வருடம் கிழங்கு விலை ஒரு பக்கம் ஏறியது, ஜவ்வரிசி விலை இறங்கியது. மழை வேறு. காய வைக்கிற களத்தில் மாவு புளித்துப்போன வாடை தெரியுமா உங்களுக்கு? மூக்கிலிருந்து ஒரு மாதம் போகாது.

பங்கை விற்று வெளியே வந்த அன்றைக்கு அந்தத் தாளைக் கிழித்தேன். ஒட்டியிருந்த சுண்ணாம்பும் சேர்ந்து பெயர்ந்து வந்தது. உள்ளே செம்மண் பூச்சு தெரிந்தது. அதைப் பார்த்து என் மனைவி, “சுவர் என்ன பண்ணுச்சு?” என்று கேட்டாள். அதற்கப்புறம் இரண்டு வருடம், நஷ்டத்துக்குக் காரணம் என் எண்ணத்தில் இருந்த கோளாறுதான் என்று என்னையே குற்றம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். விலை இறங்கியது என் எண்ணத்தாலா? அந்த இரண்டு வருடத்தை எனக்கு யார் திருப்பித் தருவார்கள்? என் ஆதங்கம் இதுதான்.

தறிச்சத்தம் (அம்மாப்பேட்டை)

குச்சிக்கிழங்கு சார், உங்கள் வலி புரிகிறது. ஆனால் அதை அவர் தலையில் போடுவது நியாயமில்லை. நீங்கள் ஒரே புத்தகத்தோடு நின்றுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

மயிலாடுதுறை பக்கத்தில் விளநகர் என்ற கிராமத்தில் 1928இல் பிறந்தவர். அமெரிக்கா போய்ப் பேராசிரியராக இருந்தார், தொழிலும் நடத்தினார். நன்றாக இருந்த மனிதர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இங்கே திரும்பி வந்து, 1988இல் மக்கள் சக்தி இயக்கம் தொடங்கினார். தனி மனிதன் நினைத்தால் போதும், எல்லாம் ஆகிவிடும் என்று மட்டும் அவர் நம்பியிருந்தால் இயக்கம் எதற்கு? ஆற்றுத் தண்ணீருக்காக ஏன் அலைய வேண்டும்? முதலில் மனசு, அப்புறம் ஊர், அப்புறம் அரசாங்கம் என்று படிப்படியாகப் போனவர் அவர். நாம்தான் முதல் படியிலேயே உட்கார்ந்துகொண்டு அவரைக் குறை சொல்கிறோம்.

என் அனுபவம் சின்னது. அதே 1988இல் கே. பாலசந்தரின் ‘உன்னால் முடியும் தம்பி’ வந்தது. தறியில் வாரக் கூலி வாங்கிய கையோடு நண்பர்கள் நான்கு பேர் போனோம். படத்தில் கமலுக்கு உதயமூர்த்தி என்று பேர். அது நிஜமான ஒருவரின் பேர் என்றும், படத்தின் தலைப்பே அவருடைய புத்தகத்தின் தலைப்பு என்றும் எனக்குத் தெரியாது. இடைவேளையில் தட்டுவடை செட் சாப்பிடும்போது பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் சொன்னார். “அந்த ஆள் உயிரோட இருக்காரா?” என்று கேட்டேன். பெரியவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, “உயிரோட இருக்கிறவங்க பேரை வைக்கக் கூடாதா தம்பி?” என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்குச் சாட்டை மாதிரி இருந்தது. நல்லவர் என்றால் செத்துப்போனவராகத்தான் இருக்க வேண்டும் என்று எப்படி நினைத்தேன்?

குச்சிக்கிழங்கு

தறிச்சத்தம், நான் அவர் நல்லவர் இல்லை என்று சொல்லவே இல்லை. நான் ஒரே புத்தகத்தோடு நின்றேன் என்பது உண்மைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என்னை மாதிரி ஆட்கள் கையில் வந்து சேருவது அந்த ஒரு புத்தகம்தானே? இயக்கம் எங்கள் ஊருக்கு வரவில்லை, புத்தகம் வந்தது.

பழைய வாத்தியார்

எல்லோருக்கும் வணக்கம். நான் கன்னங்குறிச்சிப் பக்கம் 31 வருடம் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தேன். அவர் பேச்சை ஒருமுறை வானொலியில் கேட்டிருக்கிறேன், குரல் அமைதியாக இருந்தது. என் அனுபவம் இவ்வளவுதான். ஆனால் இங்கே எழுதியதைப் படித்தபின் சில விஷயங்கள் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

செவ்வாய்ப்பேட்டைத் தம்பி, முதலில் உங்கள் நெஞ்சைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். இத்தனை வருடம் பற்றவைக்கிற புகையில் உட்கார்ந்தவர்கள் மூச்சு நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள், மாடிப்படி ஏறும்போதுதான் தெரியும். அரசு மருத்துவமனையில் காலை வெளிநோயாளிப் பிரிவுக்கே போகலாம். பட்டறையில் இப்போதும் வேலை செய்தால் ஜன்னலோரம் உட்காருங்கள், முகத்துக்குத் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

குச்சிக்கிழங்கு தம்பி, நீங்கள் சுவரில் ஒட்டியது வரவு மட்டும். பக்கத்திலேயே இன்னொரு தாள் ஒட்டியிருக்க வேண்டும்: கிழங்கு இந்த விலைக்கு மேல் போனால் நிறுத்திவிடுவேன், கடன் இவ்வளவைத் தாண்டினால் வெளியே வந்துவிடுவேன் என்று. எங்கள் அப்பா மாம்பழ வியாபாரம் செய்தார். மல்கோவாத் தோப்பைப் பூவிலேயே குத்தகை பேசும்போது, காற்றடித்தால் எவ்வளவு போகும் என்று முதலில் கணக்குப் போட்டுவிட்டுத்தான் லாபத்தைப் பற்றியே பேசுவார். நம்பிக்கை வைப்பது தப்பில்லை தம்பி. நம்பிக்கைக்குப் பக்கத்தில் கணக்கு நோட்டு இருக்க வேண்டும். மறுபடி ஏதாவது தொழில் யோசித்தால் மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசுங்கள். “சுவர் என்ன பண்ணுச்சு” என்று கேட்டவர் கெட்டிக்காரர்.

நர்ஸ் அம்மா, நீங்கள் உங்கள் அம்மாவைப் பற்றி எழுதி வைக்க வேண்டும். ஒரு நாள் கூலி எவ்வளவு, எத்தனை கிலோ பறித்தார், எந்த மழையில் நனைந்தார், எல்லாம் எழுதுங்கள். நாளைக்கு உங்கள் பிள்ளைகள் “பாட்டி என்ன வேலை பார்த்தாங்க” என்று கேட்டால் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்கக் கூடாது. 40 பக்க நோட்டு போதும், தினம் பத்து வரி. தேதி போட மறக்காதீர்கள்.

தறிச்சத்தம் தம்பி கொஞ்சம் சூடாக எழுதிவிட்டார், அதைக் குச்சிக்கிழங்கு தம்பி மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

மலையம்மா மகள்

ஐயா, நீங்கள் சொன்ன பிறகு இன்றைக்கு ஒரு நோட்டு எடுத்து உட்கார்ந்தேன். கூலி எவ்வளவு என்று எழுதப் போனால் எனக்குத் தெரியவில்லை. ஒரு நாள்கூடக் கேட்டதே இல்லை. சித்திக்கு நினைவிருக்கும், ஞாயிற்றுக்கிழமை மேலே போகிறேன்.

பைண்டிங் பிரிந்தது

கிளை நூலகம் ஒன்றில் உதவியாளராக இருந்தேன். ஒன்று மட்டும் சொல்கிறேன், செவ்வாய்ப்பேட்டை அண்ணா. ‘எண்ணங்கள்’ எங்களிடம் இரண்டு பிரதி இருந்தது, அலமாரியில் நின்று நான் பார்த்ததே குறைவு. திரும்பி வரும்போது சுத்தமாக வந்ததும் கிடையாது. மஞ்சள் கறை, எண்ணெய்ப் பிசுக்கு, சாயப்பட்டறை நீலம், ஒருமுறை ஒரு பக்கம் முழுக்கப் பூந்திச் சர்க்கரை, எறும்போடு. மற்ற புத்தகம் அப்படி வந்தால் திட்டுவோம். இதைத் துடைத்து வைப்போம். சுத்தமாக வந்தால் படிக்காமல் வைத்திருந்துவிட்டுக் கொடுக்கிறார்கள் என்று அர்த்தம்.

உங்கள் கட்டைவிரலைப் பார்த்து அவர் முகம் சுளித்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அது அன்றைக்கு 17 வயதில் உங்களுக்கு எப்படித் தெரியும்? அது சரி, கேள்வி என்ன என்று நீங்கள் சொல்லவே இல்லையே.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்

எல்லோருக்கும் நன்றி. வாத்தியார் ஐயா, பட்டறையை விட்டு 12 வருடம் ஆகிறது, ஆனாலும் போய்க் காட்டுகிறேன்.

குச்சிக்கிழங்கு தம்பி, நீங்கள் எழுதியதை மூன்று முறை படித்தேன். கேட்டிருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது என்றீர்கள். இருக்கலாம். ஆனால் என் கேள்வியும் நீங்கள் கேட்ட கேள்விதான். அதனால்தான் உங்களிடம் எனக்குக் கோபம் வரவில்லை.

நூலகத்துத் தம்பி கேட்டதால் எழுதுகிறேன். 35 வருடத்தில் இதை யாரிடமும் சொன்னதில்லை. வரிசையில் நின்றபோது வாய்க்குள்ளேயே சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்து வைத்திருந்தேன், அதனால் வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது:

“ஐயா, எங்கப்பா பட்டறையில எட்டாயிரம் முன்பணம் வாங்கியிருக்காரு. அதைக் கட்டுற வரைக்கும் நானும் அவரும் வேற பட்டறைக்குப் போகக் கூடாது. நான் நல்லபடியா எண்ணினா, முதலாளி விடுவாரா?”