கோத்தகிரிக் குளிரில் மருதாணி சிவப்பதில்லை, வெள்ளித் தோடும் கறுக்கிறது: வழி உண்டா?

கேள்வி கேட்பவர்: மலைமல்லி, கோத்தகிரி

அனைவருக்கும் வணக்கம். நான் மதுரையில் பிறந்து வளர்ந்து, மூன்று ஆண்டுகளுக்கு முன் மணமாகிக் கோத்தகிரிக்கு வந்தவள். மருதாணி வரைவதும், தோடு, ஜிமிக்கி, வளையல், கொலுசு என்று அணிகலன்களைச் சேர்த்து வைப்பதும் எனக்குப் பள்ளிக் காலத்திலிருந்தே உள்ள பழக்கங்கள். மதுரையில் இரண்டுமே எந்தத் தொல்லையும் கொடுத்ததில்லை. இங்கு வந்த பிறகு இரண்டும் ஒருசேரச் சண்டித்தனம் செய்கின்றன.

மருதாணியை முதலில் சொல்கிறேன். ஆடி பிறந்தால் அம்மா கொல்லை மரத்திலிருந்து இலையை உருவி, கொட்டைப்பாக்கும் கொஞ்சம் புளியும் சேர்த்து அம்மியில் அரைப்பார். உள்ளங்கை நடுவில் ஒரு வட்டம், சுற்றிலும் பொட்டுகள், விரல் நுனிகளுக்குத் தொப்பி. அவ்வளவுதான் அன்றைய கோலம். இரவு வைத்துக்கொண்டு உறங்கினால் விடியும்போது கை சிவந்திருக்கும். இங்கு இரண்டு முறை தொட்டியில் செடி வைத்துப் பார்த்தேன். இரண்டும் பனியில் கருகிவிட்டன. அதனால் மேட்டுப்பாளையத்திலிருந்து பொடி வாங்கி வந்து, தேயிலை டிகாக்ஷனும் எலுமிச்சைச் சாறும் ஊற்றிக் குழைத்து, மூன்று மணி நேரம் ஊறவிட்டுக் கோனில் அடைத்து வரைகிறேன். ஒன்பது மணிக்கு வைத்தால் ஈர விழுது கையை விறைக்கச் செய்வதால் பதினொரு மணிக்கெல்லாம் உதிர்த்துவிடுகிறேன். மறுநாள் பார்த்தால் பூசணிச் சதையின் நிறம்தான் இருக்கிறது. நான்காம் நாள் அதுவும் இல்லை.

பித்த உடம்புக்குத்தான் மருதாணி சிவக்கும், உனக்குக் குளிர்ந்த உடம்பு என்று மாமியார் சொல்கிறார். ஆனால் அதே பொட்டலத்தின் மீதியைத் தங்கையின் வளைகாப்புக்கு மதுரைக்குக் கொண்டுபோய் என் கையிலேயே வைத்துப் பார்த்தேன். நன்றாகக் கறுத்துச் சிவந்தது. ஆகவே பழி என் உடம்பின் மேல் இல்லை என்றே நினைக்கிறேன். அடுத்த மாதம் நாத்தனார் மகளின் திருமணத்துக்கு நான்தான் மருதாணி வரைவதாக ஒப்புக்கொண்டுவிட்டேன் என்பதால் அவசரமும் இருக்கிறது.

அடுத்தது வெள்ளி. என்னிடம் எட்டு ஜோடி வெள்ளி ஜிமிக்கிகள் இருக்கின்றன. ஜோடி பிரியாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு ரப்பர் பேண்ட் போட்டு, மாமியார் பின்னிக் கொடுத்த கம்பளிப் பையில் பத்திரமாக வைத்திருந்தேன். ஒரே மழைக்காலத்தில் எட்டும் அடுப்புக்கரி போல் ஆகிவிட்டன. அதே அலமாரியில் இருந்த பட்டு நூல் வளையல்களில் பூஞ்சணம் பூத்திருக்கிறது. மலையில் இருந்துகொண்டு இவற்றையெல்லாம் எப்படிப் பாதுகாக்கிறீர்கள்?

பதில்: கோலமயில், குன்னூர்

சகோதரி, உங்கள் பொடியிலும் குற்றமில்லை, உடம்பிலும் குற்றமில்லை. நீங்கள் மதுரைக் கணக்கில் நேரம் வைக்கிறீர்கள்; குற்றம் அங்கேதான் இருக்கிறது. குன்னூரில் பதினோரு ஆண்டுகளாகக் கல்யாணப் பெண்களுக்கு மருதாணி வைத்து வருகிறேன். முதல் இரண்டு குளிர்காலங்களில் எனக்கும் இதே பூசணி நிறம்தான் கிடைத்தது.

மருதாணி இலையில் உள்ள சாயத்தின் பெயர் லாசோன். அது இலையில் சர்க்கரையோடு பிணைந்த நிலையில் இருக்கிறது. புளிப்பும் ஈரமும் சேர்ந்த பிறகு, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அந்தப் பிணைப்பு விட்டுச் சாயம் வெளியே வரும். இந்த வேலை வெதுவெதுப்பில் விரைவாகவும், குளிரில் மிக மெதுவாகவும் நடக்கும். மார்கழி, தை மாதங்களில் மாலையில் பாலுக்கு உறை ஊற்றினால் மறுநாள் மதியம்கூடத் தயிர் தோயாமல் கிடக்கிறதே, அதைப் போலத்தான் இதுவும். மதுரையில் சில மணி நேரத்தில் தயாராகிற விழுதுக்கு நம் ஊர்ச் சமையலறையில் ஒரு பகலும் ஓர் இரவும் வேண்டும். தயிர்ப் பாத்திரத்தை எங்கே வைக்கிறீர்களோ, அடுப்பின் ஓரமோ, வெந்நீர்ப் பானையின் பக்கமோ, அங்கேயே விழுதையும் மூடி வைத்துவிடுங்கள்.

தயாராகிவிட்டதா என்பதைக் கடிகாரம் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உள்ளங்கையில் ஒரு பொட்டு வைத்துப் பத்து நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். பளிச்சென்று ஆரஞ்சு நிறத்தில் தடம் விழுந்தால் கோனில் அடைக்கலாம். மங்கலாக இருந்தால் காத்திருக்க வேண்டும். அதற்காகச் சாயம் இறங்கிய விழுதை வெளியிலேயே நாள் கணக்கில் வைத்திருந்தாலும் அது வலுவிழந்துவிடும். கல்யாண வேலைக்கு நான் மூன்று நாள் முன்பே குழைத்து, தயாரானதும் கோன்களை ஃப்ரீசரில் வைத்து, வேண்டியபோது எடுத்துக்கொள்கிறேன்.

அடுத்து, இரண்டு மணி நேரத்தில் உதிர்ப்பதை நிறுத்துங்கள். சாயம் தோலின் மேலடுக்கில் உள்ள கெரட்டின் என்ற புரதத்தோடு சேர வேண்டும். அதற்கு ஆறு மணி முதல் எட்டு மணி நேரம் கொடுத்தால்தான் ஆழமாக இறங்கும். உள்ளங்கையிலும் பாதத்திலும் அந்த அடுக்கு தடிமனாக இருப்பதால்தான் அங்கே கறுத்தும் புறங்கையில் வெளுத்தும் தெரிகிறது. விழுது காய்ந்து விரிசல் விடத் தொடங்கும்போது எலுமிச்சைச் சாற்றில் சர்க்கரை கரைத்துப் பஞ்சால் ஒற்றுங்கள். பிறகு மெல்லிய பருத்தித் துணி சுற்றிப் போர்வைக்குள் கையை வைத்துக்கொண்டு தூங்கிவிடலாம். என் பாட்டி கணப்புச் சட்டியருகே கையை நீட்டி உட்காரச் சொல்வார். தவாவில் கிராம்பைப் போட்டுப் புகை காட்டுவதும் அந்த வகைதான். அதில் பாதிப் பலன் கிராம்பைவிடச் சூட்டினால் வருவது என்பது என் அனுபவம்.

காலையில் தண்ணீர் படாமல் சுரண்டி எடுங்கள். அப்போது ஆரஞ்சாகத்தான் இருக்கும், பதறக் கூடாது. காற்றுப் பட்டுப் பட்டு இரண்டாம் நாள்தான் முழு நிறம் வரும் என்பதால், கல்யாணத்துக்கு முந்தைய இரவில் வைக்காமல் இரண்டு இரவுகளுக்கு முன்பே வைத்துவிடுவது நல்லது. குளிப்பதற்கு முன் எண்ணெய் தடவச் சொல்வார்கள். நம் ஊரில் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் கல்லாக உறைந்து கிடக்கும், அதை உருக்கிக்கொண்டு நிற்காமல் நல்லெண்ணெயைத் தடவுங்கள்.

ஒன்றை மறந்துவிட்டேன். ஊரெல்லாம் மருதாணிக்குத் தேடுகிற தைலம் நம் மலையில்தான் காய்ச்சப்படுகிறது. 1843ஆம் ஆண்டில் நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்ட யூகலிப்டஸைத்தான் நாம் கற்பூர மரம் என்கிறோம். அதன் இலையிலிருந்து இறக்கும் தைலத்தில் உள்ள சினியோல் சாயம் தோலில் இறங்க உதவுகிறது. 100 கிராம் பொடிக்கு 10 மில்லிக்கு மேல் போகாமல், கலப்படமில்லாத தைலமாகப் பார்த்துச் சேர்த்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். பொடியை வாங்கும்போது அறுவடைத் தேதியைக் கேளுங்கள். ராஜஸ்தானின் பாலி மாவட்டத்துச் சோஜத் மருதாணிக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது; நான் வாங்குவது அதுதான். ஆனால் எந்த ஊர்ப் பொடியானாலும் பழையதாகிவிட்டால் பயனில்லை.

பதில்: வெள்ளிக்கொலுசு, உதகமண்டலம்

மருதாணியைப் பற்றிக் குன்னூர்ச் சகோதரி சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. வெள்ளியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். உங்கள் கேள்வியிலேயே இரண்டு குற்றவாளிகள் இருக்கிறார்கள்: ஒன்று ரப்பர் பேண்ட், மற்றொன்று, மாமியார் கோபித்துக்கொள்ளக் கூடாது, அந்தக் கம்பளிப் பை.

வெள்ளி கறுப்பது இரும்பு துருப்பிடிப்பதைப் போன்றதன்று. காற்றிலோ பக்கத்திலுள்ள பொருளிலோ இருக்கும் கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைடு என்ற கறுப்புப் படலம் ஆகிறது. காற்றில் ஈரம் கூடக் கூட அது விரைவாகும். ரப்பரைப் பதப்படுத்தக் கந்தகம் சேர்க்கிறார்கள். கம்பளியோ ஆட்டின் மயிர். அதுவும் மருதாணி பற்றுகிற அதே கெரட்டின்தான், அந்தப் புரதத்தில் இயற்கையாகவே கந்தகம் உண்டு. ஸ்வெட்டரில் ஒரு சொட்டு மருதாணி விழுந்தால் எத்தனை முறை துவைத்தாலும் போகாததற்கும், உங்கள் ஜிமிக்கி கறுத்ததற்கும் வேர் ஒன்றே என்பது எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும். குளிருக்குக் கம்பளியில் சுற்றி வைப்பது நமக்குக் கை வந்த பழக்கம். வெள்ளிக்கு மட்டும் அந்த அன்பைக் காட்டாதீர்கள்.

கறுப்பை எடுப்பது எளிது. ஒரு பாத்திரத்தின் அடியில் அலுமினியத் தாளை விரித்து, கொதிக்கும் வெந்நீர் ஊற்றி, லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி சமையல் சோடாவும் கொஞ்சம் உப்பும் போட்டு, ஜிமிக்கி அந்தத் தாளைத் தொடும்படி வையுங்கள். கந்தகம் வெள்ளியை விட்டு அலுமினியத்துக்குப் போய்விடும். அப்போது அழுகிய முட்டை வாடை லேசாக வந்தால் வேலை நடக்கிறது என்று பொருள். தேய்த்துத் தேய்த்து வெள்ளியையே கரைப்பதைவிட இது மேல். முத்து வைத்தது, கல்லைப் பசையால் ஒட்டியது ஆகியவற்றை இதில் போடக் கூடாது. ஆக்சிடைஸ்டு வெள்ளி நகையைப் போடவே கூடாது. பெயர் அப்படி இருந்தாலும் அதன் கறுப்பும் பெரும்பாலும் இதே சல்பைடுதான். வேலைப்பாட்டின் பள்ளங்களில் வேண்டுமென்றே ஏற்றிய கறுப்பு உங்கள் கண்முன்னே வெளுத்துப்போகும். நான் ஒரு யானைமுகப் பதக்கத்தை இப்படித்தான் தகரம் போல் ஆக்கிவிட்டு அழுதேன்.

சுத்தம் செய்து நன்றாகத் துடைத்த பிறகு ஜோடிக்கு ஒரு ஜிப் கவர் என்று போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் வைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போடுங்கள். கிடைக்காவிட்டால் சாக்பீஸ் போதும்; அதைத் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் ஜூன் முதல் மாதத்துக்கொரு முறை மாற்ற வேண்டும். பட்டு நூல் வளையலுக்கு மாறான சிகிச்சை. அதைப் பிளாஸ்டிக்கில் அடைத்தால் உள்ளே தங்கிய ஈரத்திலேயே பூஞ்சணம் வளரும். வெயில் தலைகாட்டும் நாளில் நிழலில் காற்றாட விட்டு, மென்மையான பிரஷ்ஷால் தட்டி, பருத்தித் துணியில் தளர்வாகச் சுற்றி, வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில் வையுங்கள்.

அழகான பை வேண்டுமென்ற ஆசை எனக்கும் உண்டு. தோடர் பெண்கள் வெள்ளைத் துணியில் இழைகளை எண்ணிச் சிவப்பிலும் கறுப்பிலும் போடும் பூவேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. புத்துக்குளிப் போர்வையில் இருந்த அந்த வேலைப்பாடு இப்போது சிறு பைகளிலும் வருகிறது. என்னிடம் மூன்று இருக்கின்றன. அதில் பூ வேலைக்குக் கம்பளி நூலும் பயன்படுவதால் கண்ணாடி வளையல்களை மட்டும் போட்டு வைத்திருக்கிறேன்.

பதில்: மழைச்சாரல், கூடலூர்

கோலமயில் அக்கா சொன்னவற்றில் தைலத்தை மட்டும் நான் மறுக்கிறேன். கூடலூர் உங்களைவிடத் தாழ்வான, சூடான ஊர் என்பதால் தைலமே இல்லாமல் எங்களுக்குச் சிவக்கிறது என்பது ஒரு பக்கம். சென்ற ஆண்டு என் அக்கா மகளுக்கு, ஆறு வயதுக் குழந்தைக்கு, யூகலிப்டஸ் தைலம் கலந்த விழுதை மணிக்கட்டில் வைத்தபோது அரை மணி நேரத்தில் எரிகிறது என்று அழுதாள். கழுவிய பிறகும் தடிப்பு இரண்டு நாள் இருந்தது. குழந்தைகளுக்கும் கருவுற்றிருப்பவர்களுக்கும் அது வேண்டாம். நாத்தனார் மகளுக்கும் முன்னதாக முழங்கையின் உட்புறத்தில் ஒரு பொட்டு வைத்துப் பார்த்துவிடுங்கள்.

சிவக்கவில்லை என்ற ஏக்கத்தில் கறுப்புக் கோன் பக்கம் போய்விடாதீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கோடை சீசனில் சுற்றுலா வந்தவர்களுக்கு வரைகிற ஒரு தெருக்கடையில் நானே ஏமாந்தேன். இருபது நிமிடத்தில் கை மை போல் கறுத்தது. மூன்றாம் நாள் கொடியும் இலையும் வரைந்த அதே வடிவத்தில் கொப்புளம் எழும்பியது. அதில் கலந்திருந்தது முடிச்சாயத்தில் பயன்படும் பிபிடி என்ற ரசாயனம் என்று தோல் மருத்துவர் சொன்னார். ஒரு முறை அதற்கு ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு தலைச்சாயமும் ஆபத்து. மருதாணி இலை எந்த ஊரிலும் இருபது நிமிடத்தில் கறுப்பதில்லை.

பதில்: கோலமயில், குன்னூர்

குழந்தைகளைப் பற்றிச் சொன்னதை மறுப்பின்றி ஏற்றுக்கொள்கிறேன். நானும் முன்பே சொல்லியிருக்க வேண்டும். பெரியவர்களுக்கு, இந்த உயரத்தில், தைலம் இல்லாமல் தை மாதத்தில் வரைய மாட்டேன் என்பதில் மட்டும் மாற்றமில்லை.

மீண்டும்: மலைமல்லி, கோத்தகிரி

மூவருக்கும் நன்றி. ஞாயிறு காலையில் குழைத்த விழுதை வெந்நீர்ப் பானையின் பக்கம் வைத்தேன். அன்று மாலைப் பொட்டு தோல்வி. திங்கள் காலைப் பொட்டு பளிச்சென்று விழுந்தது. தைலம் 5 மில்லிதான் சேர்த்தேன். அன்றிரவு இடது கையில் மட்டும் அம்மாவின் பழைய வட்டத்தையும் தொப்பியையும் வைத்துத் துணி சுற்றிப் படுத்தேன். புதன் காலையில் தொப்பிகள் கருஞ்சிவப்பாகவும் வட்டம் அதைவிட ஒரு படி குறைவாகவும் இருந்தன.

ஜிமிக்கிகளில் ஏழு வெளுத்துவிட்டன. எட்டாவது பசையால் கல் ஒட்டியது என்பதால் அதைத் துணியால் துடைத்ததோடு விட்டுவிட்டேன். கம்பளிப் பையை என்ன செய்வது என்பதுதான் வீட்டில் இப்போதைய கேள்வி. வெள்ளி கறுத்த காரணத்தை மாமியாரிடம் சொல்லத் துணிவில்லாமல் அதில் கண்ணாடி வளையல்களைப் போட்டு வைத்திருக்கிறேன். அவர் வெள்ளிக்கென்று இரண்டாவது பையைப் பின்னத் தொடங்கிவிட்டார்.