தூள் வியாபாரத்துக்கு இணையத்தளம்: எதிலிருந்து தொடங்குவது?

கோண்டாவில் தூள்:

வணக்கம். நானும் அம்மாவும் ஆறு வருடமாக வறுத்த மிளகாய்த்தூள் செய்து விற்கிறோம். செத்தல் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம் எல்லாம் வீட்டில் வறுத்து ஆலையில் கொடுத்து அரைப்பது. கூடவே ஒடியல் மாவும் பனங்கட்டியும் உண்டு. இதுவரை முகநூலும் வட்ஸ்அப்பும்தான். நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் வாங்கிப் போய்விட்டு, பிறகு உங்களை எங்கே தேடுவது என்று கேட்கிறார்கள். உறைப்பு எப்படி, எத்தனை மாதம் வைத்திருக்கலாம், கொழும்புக்கு அனுப்புவீர்களா, இதையே ஒவ்வொரு நாளும் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இணையத்தளம் செய்து தருகிற ஒருவரிடம் கேட்டேன். அவர் காட்டிய மாதிரியில் முகப்பில் ஓடுகிற பெரிய படங்கள், எங்கள் நோக்கம், எங்கள் தூரநோக்கு என்று இரண்டு பெட்டி. விலை எங்கே வரும் என்று கேட்டேன், அதைப் பிறகு பார்ப்போம் என்றார். எனக்கு அது சரியாகப் படவில்லை, ஆனால் அவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்றும் தெரியவில்லை. தமிழிலா ஆங்கிலத்திலா செய்வது? கார்ட்டில் காசு வாங்கும் வசதி தொடக்கத்திலேயே வேண்டுமா?

கோப்பாய் வலைவேலை:

தங்கச்சி, உங்களிடம் பாதி வேலை ஏற்கனவே முடிந்திருக்கிறது. வட்ஸ்அப்பைத் திறந்து கடைசி இரண்டு மாதத்தில் வந்த கேள்விகளை ஒரு கொப்பியில் எழுதுங்கள், ஒரே கேள்வி திரும்ப வந்தால் பக்கத்தில் ஒரு கோடு போடுங்கள். கோடு கூடிய கேள்விக்குத்தான் முகப்பில் இடம். எப்படியும் விலை, நிறை, உறைப்பு, எங்கே அனுப்புவீர்கள், எத்தனை நாளில் வரும் என்பவைதான் மேலே வரும். தூரநோக்கு என்ன என்று ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள், அதனால் அந்தப் பெட்டிகளை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் முதலில் தாளில் எழுதி முடியுங்கள், நிறமும் படமும் பிறகு. சனம் எழுத்தைக் கடைசிக்கு விட்டுவிடுவதால்தான் இங்கே பல தளங்கள் மாதக்கணக்காக அரைகுறையாக நிற்கின்றன. உங்களுக்கு நாலு பக்கம் போதும். முகப்பு, பொருட்கள், அனுப்பும் விபரம், உங்களைப் பற்றியும் தொடர்பும். பற்றி என்ற இடத்தில் அம்மா வறுக்கிற படம் ஒன்று, எந்த நாளில் அரைக்கிறீர்கள் என்று இரண்டு வரி, அவ்வளவுதான். படம் எல்லாம் நீங்களே எடுத்ததாக இருக்கட்டும். வேறு தளத்தில் எடுத்த தூள் படத்தைப் போட்டால் உங்கள் நிறம் வேறு, அந்த நிறம் வேறு, வாங்கினவர் பொதியைப் பிரித்ததும் ஏமாந்துபோவார்.

போனில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றவும் கூடாது. ஒரு படம் 4 எம்பி என்றால் பத்துப் படம் 40 எம்பி, டேட்டாவில் பார்க்கிறவர் காத்திருக்காமல் போய்விடுவார். அகலத்தை 1200 பிக்சலுக்குக் குறைத்து ஒவ்வொன்றையும் 200 கேபிக்குள் கொண்டு வாருங்கள். ஓடுகிற படம் வேண்டவே வேண்டாம். தளம் செய்கிறவர் மடிக்கணினியில் காட்டுவதைப் பார்த்து ஓம் என்று சொல்லாதீர்கள், வைஃபையை நிறுத்திவிட்டு உங்கள் போனில் திறந்து பாருங்கள். கூகுளும் இப்போது பெரும்பாலும் தளத்தின் கைபேசி வடிவத்தைப் பார்த்துத்தான் தேடலில் சேர்க்கிறது.

கார்ட் உடனே வேண்டாம். வங்கி மாற்றமும், பொதி கிடைத்ததும் காசு கொடுக்கிற முறையுமாகத் தொடங்குங்கள். ஓடர் கூடினால் கார்ட்டில் காசு வாங்கித் தருகிற பேஹியர் போன்ற இலங்கைச் சேவை ஒன்றை இணைக்கலாம், ஒவ்வொரு கொடுப்பனவிலும் அவர்களுக்கு ஒரு வீதம் போகும், அதை விலையில் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். வட்ஸ்அப் பொத்தான் எல்லாப் பக்கத்திலும் இருக்கட்டும். அந்த இணைப்பில் இலக்கம் 94 என்று தொடங்க வேண்டும், முன்னால் இருக்கும் 0 ஐ எடுத்துவிட வேண்டும். இதைக் கவனிக்காமல் விட்டால் பொத்தானை அழுத்தினவர் உங்களிடம் வந்து சேரமாட்டார்.

ரொறன்ரோ மருமகள்:

நான் வாங்குகிற பக்கத்திலிருந்து சொல்கிறேன். மாமி மானிப்பாயில் தனிய இருக்கிறா, மாதம் ஒருமுறை இங்கிருந்து சாமான் ஓடர் செய்து அங்கே கொடுக்கச் சொல்வேன். காசு கொடுப்பது நான், பொதியை வாங்குவது மாமி. பல தளங்களில் ஒரேயொரு பெயர், ஒரேயொரு தொலைபேசி இலக்கம்தான் போடலாம். என் கனடா இலக்கத்தைப் போட்டால் பொதி கொண்டு வருகிற தம்பி யாருக்கு எடுப்பது? மாமியின் இலக்கத்தைப் போட்டால் எனக்கு ஒரு தகவலும் வராது. தயவுசெய்து இரண்டுக்கும் இடம் வையுங்கள் அக்கா.

முகவரியும் அப்படித்தான். அஞ்சல் குறியீட்டைக் கட்டாயமாக்கினால் மாமிக்கே அது தெரியாது. எங்கள் ஒழுங்கைக்குப் பெயர்ப் பலகையும் இல்லை, வைரவர் கோயிலடியால் உள்ளுக்கு மூன்றாவது கேற் என்றால்தான் வருவார்கள். அதை எழுத ஒரு பெட்டி வேண்டும். பெயருக்கும் ஒரே பெட்டி போதும், குடும்பப் பெயர் என்று தனியாகக் கேட்டால் முதலெழுத்தை எங்கே போடுவது என்று ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

அச்சு வேலை:

மொழி பற்றிக் கேட்டிருந்தீர்கள். இரண்டிலும் செய்யுங்கள். உங்கள் அம்மாவின் வயதுக்காரர் தமிழில் வாசிப்பார்கள், வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகள் பொருளின் பெயரையே ஆங்கிலத்தில்தான் தேடுவார்கள்.

ஆனால் ஒன்று முக்கியம். உங்கள் துண்டுப்பிரசுரமும் லேபிளும் பாமினி எழுத்துருவில் அடித்திருப்பார்கள், இங்கே அச்சகங்களில் இன்னும் அதைத்தான் நிறையப் பேர் பாவிக்கிறோம். அதை அப்படியே தளத்தில் ஒட்டினால், ஆங்கில எழுத்துகளும் ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் ஓர் அரைப்புள்ளியுமாகத்தான் மற்றவர் போனில் தெரியும். முதலில் யூனிகோடுக்கு, அதாவது எல்லாப் போனிலும் தமிழாகவே தெரிகிற எழுத்து முறைக்கு மாற்றி, மாற்றினதை ஒருமுறை வடிவாக வாசித்துத் திருத்துங்கள், கொம்பும் காலும் சில இடத்தில் பிழைக்கும். விலைப்பட்டியலைப் படமாகப் போடுவதும் வேண்டாம். படத்துக்குள் இருக்கிற ஒடியல் மாவைத் தேடுகிறவருக்கு உங்கள் தளம் கிடைப்பது சந்தேகம், விலை மாறினால் படத்தையும் புதிதாகச் செய்ய வேண்டும்.

கோண்டாவில் தூள்:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு பெயர், இரண்டு இலக்கம் என்ற விடயம் எனக்குத் தோன்றவே இல்லை, எங்களிடம் வருகிற வெளிநாட்டு ஓடர் பாதிக்கு மேல் அப்படித்தான். கொப்பியில் எழுதிப் பார்த்தேன், மொத்தம் பதினொரு கேள்விதான், உறைப்புக்கு மட்டும் நாற்பத்தி மூன்று கோடு. இன்னும் ஒன்று. டொமைனை, அதாவது தளத்தின் முகவரிப் பெயரை, தளம் செய்கிறவரே தன் பெயரில் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார், பரவாயில்லையா? செத்தல் விலை கூடிக் குறைகிறது, ஒவ்வொரு முறையும் அவரைத்தான் கேட்க வேண்டுமா?

கோப்பாய் வலைவேலை:

உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் எடுங்கள், அவர் பக்கத்தில் இருந்து உதவட்டும். நான் முதலில் வேலை செய்து கொடுத்த கடை ஒன்று டொமைனை உறவுக்காரப் பெடியன் பெயரில் வைத்திருந்தது, அவன் வெளிநாடு போனான், புதுப்பிக்கிற நினைவூட்டல் அவனுக்குப் போனது, தளம் நின்ற பிறகுதான் கடைக்காரருக்கே தெரியும். லேபிளில் அச்சடித்த தள முகவரியைப் பிறகு மாற்ற முடியாது, அதனால் இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

விலை மாற்றுவதற்கு, காசு முழுவதும் கொடுக்கும் முன்னர் அவரை உங்கள் வீட்டுக்கு வரச் சொல்லி, உங்கள் போனிலேயே 250 கிராம் பொதியின் விலையை நீங்களே மாற்றிப் பாருங்கள். அவர் கை படாமல் மாறினால் மிச்சக் காசைக் கொடுங்கள். விலைக்குக் கீழே எந்தத் திகதி விலை என்றும் போடுங்கள், ஆறு மாதம் கழித்துப் பழைய விலையைக் காட்டி ஒருவர் கதைக்க வந்தால் அது உங்களுக்கு உதவும்.