யூசர் அனுப்புற கமாண்டை ஹார்டுவேருக்குத் தள்ளிவிடுற டிரைவர் கோட், ரிவ்யூல நீங்க பார்த்தது என்ன?

முதல்ல நானே ஆரம்பிக்கிறேன். எனக்கு எம்பெடட் லினக்ஸ் வேலை, சிப் விக்கிறவங்க கொடுக்கிற டிரைவரை எங்க கெர்னல் (ஆப்பரேட்டிங் சிஸ்டத்தோட மையப் பகுதி) ட்ரீல சேர்க்கிறதுக்கு முன்னாடி வரி வரியா படிச்சுட்டு ஓகே சொல்லணும். அதுல ரொம்ப நேரம் இழுக்கிறது ஒரே வகை டிரைவர்தான். யூசர் ஒரு கமாண்ட் பாக்கெட் கட்டி ஐஓசிடிஎல் (டிவைஸுக்கு கமாண்ட் கொடுக்கிற சிஸ்டம் கால்) வழியா அனுப்புவாரு, டிரைவர் உள்ள என்ன இருக்குன்னு பார்க்காம போர்டுல இருக்கிற குட்டி மைக்ரோகண்ட்ரோலருக்குத் தள்ளிட்டு பதிலை வாங்கித் திருப்பிக் கொடுக்கும். "பாஸ்த்ரூ தானே, இதுல ரிவ்யூ பண்ண என்ன இருக்கு"ன்னு எழுதினவரே கேப்பாரு. எனக்கு என்னமோ அங்கதான் எல்லாமே இருக்குன்னு தோணுது, ஏன்னா வெளிய இருந்து வர்ற நம்பரை நம்பி கெர்னல் மெமரி ஒதுக்குது, அதே நம்பரை நம்பி ஹார்டுவேரும் வேலை செய்யுது, நடுவுல கேள்வி கேக்க டிரைவரை விட்டா வேற ஆளே இல்ல.

சமீபத்துல வந்த ஒரு பேட்ச் (சேர்க்கச் சொல்லி வந்த கோட் மாற்றம்) சொல்றேன். பாக்கெட்டோட ஹெட்டரை மட்டும் முதல்ல காப்பி ஃப்ரம் யூசர் (யூசர் மெமரில இருந்து கெர்னலுக்கு நகலெடுக்கிற ஃபங்ஷன்) போட்டு எடுக்கிறாங்க, அதுல இருக்கிற சைஸை வச்சு கேமல்லாக் (கெர்னல் மெமரி ஒதுக்கிற ஃபங்ஷன்) பண்றாங்க, அப்புறம் ஹெட்டரும் டேட்டாவும் சேர்த்து மறுபடி முதல்ல இருந்து காப்பி பண்றாங்க. இதுவரைக்கும் பார்க்க சுத்தமாத்தான் இருக்கும். ஆனா கீழ ஹார்டுவேருக்கு அனுப்புற ஃபங்ஷன் சைஸை எடுக்கிறது ரெண்டாவது காப்பில இருந்து! ரெண்டு காப்பிக்கும் நடுவுல அதே ப்ராசஸோட இன்னொரு த்ரெட் அந்த சைஸை மாத்திட்டா ஒதுக்கின பஃபர் சின்னது, நம்புற சைஸ் பெருசு, பஃபருக்கு வெளிய படிச்சுட்டுப் போயிடும். பத்திரத்தை வக்கீல் படிச்சுப் பார்த்து சரின்னு சொன்னது ஒண்ணு, ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்து போட வச்சது வேற ஒண்ணுன்னா எப்படி இருக்கும், அதேதான்.

எழுதினவர் "எங்க டீமன் (பின்னணில ஓடுற ப்ரோகிராம்) மட்டும்தான் இதைத் தொடும், எவன் இப்படி மாத்தப் போறான்"னு பதில் போட்டாரு. நான் உடனே குரோம்புக் கதையை எடுத்து வச்சேன். சிவிஇ-2016-6156 (சிவிஇங்கிறது வெளியான பாதுகாப்பு ஓட்டைக்குக் கொடுக்கிற எண்), கிராஸ் ஈசி டெவ்னு ஒரு டிரைவர், பேட்டரி சார்ஜிங், கீபோர்டு இதெல்லாம் பார்த்துக்கிற எம்பெடட் கண்ட்ரோலருக்கு யூசர் கமாண்டைக் கடத்துறதுதான் அதோட வேலை. அதுலயும் இதே மாதிரி ரெண்டு தடவை எடுத்தாங்க. கெர்னல் 4.7ல சரி பண்ணாங்க, ரெண்டாவது காப்பில வந்த இன்சைஸும் (வர்ற பதிலோட அளவு) அவுட்சைஸும் (அனுப்புற டேட்டாவோட அளவு) முதல்ல வந்ததோட ஒத்துப்போகலன்னா ஈஇன்வால் (தப்பான உள்ளீடுங்கிற எரர்) கொடுத்து வெளிய போயிடு, அவ்ளோதான் ஃபிக்ஸ். அதே 2016ல அடாப்டெக் ரெய்டு கார்டுக்கான ஏஏசிரெய்டு டிரைவர்லயும் இதே தப்பு கிடைச்சுது, அது சிவிஇ-2016-6480. ரெண்டும் மெயின்லைன்ல (அதிகாரப்பூர்வ லினக்ஸ் கோட்ல) பல பேரு படிச்ச கோட்ங்க.

நீங்க பார்த்ததை எழுதுங்க, இந்த மாதிரி டிரைவர் யாருக்கு வந்தாலும் படிக்க உதவும்.

* * *

நல்ல இழை ஆரம்பிச்சிருக்கீங்க. நீங்க சொன்ன அதே குரோம்புக் ஃபைல்ல அதுக்கு முன்னாடியே இன்னொரு ஓட்டை அடைச்சிருக்காங்க, எனக்கு அதுதான் இன்னும் நல்ல பாடம். ஹெட்டர் 20 பைட், அதோட இன்சைஸ் அவுட்சைஸ் ரெண்டுல எது பெருசோ அதைக் கூட்டி மெமரி ஒதுக்கணும். 32 பிட் சிஸ்டத்துல ஒருத்தர் இன்சைஸா 4294967290 கொடுத்தா என்ன ஆகும், கூட்டினா சுத்தி வந்து 14 ஆயிடும், 14 பைட் ஒதுக்கிட்டு அவுட்சைஸ் சொல்ற அளவு டேட்டாவை அதுக்குள்ள கொட்டும். கடைசில 64 கேபிக்கு மேல எதுவும் வராதுன்னு ஒரு லிமிட் போட்டாங்க. கண்ட்ரோலர் நிஜத்துல பேசுறது 512 பைட் ரேஞ்சுலதான், அப்ப அந்த லிமிட்டை முதல் நாளே போடுறதுல என்ன கஷ்டம்? அதனால நான் ரிவ்யூல எப்பவும் கேக்கிற முதல் கேள்வி "உங்க ஹார்டுவேர் அதிகபட்சம் எவ்வளவு வாங்கும்". டேட்டாஷீட்ல அந்த நம்பர் இருக்கும், கோட்ல இருக்காது.

திரும்ப வர்ற பாதையையும் பாருங்க, அதை யாரும் பார்க்கிறதில்ல. நான் ரிவ்யூ பண்ண ஒரு சென்சார் ஹப் டிரைவர்ல ரிப்ளை ஸ்ட்ரக்ட்ல ஒரு யூ8 (1 பைட் எண்), அடுத்து ஒரு யூ32 (4 பைட் எண்). நடுவுல கம்பைலர் 3 பைட் காலியா விடும். ஸ்டாக்ல அந்த ஸ்ட்ரக்டை வச்சு ஃபீல்டு ஃபீல்டா நிரப்பி காப்பி டு யூசர் பண்ணிட்டாங்க, அந்த 3 பைட்ல பழைய ஸ்டாக் குப்பை அப்படியே வெளிய போகுது. சின்ன டெஸ்ட் ப்ரோகிராம் எழுதி திரும்பத் திரும்பக் கூப்பிட்டு டம்ப் பண்ணேன், ஒவ்வொரு தடவையும் வேற வேற பைட் வந்துச்சு. மெம்செட்ல முதல்லயே எல்லாத்தையும் பூஜ்யமாக்கிற ஒரு வரி போட்டா முடிஞ்சுது. ஹார்டுவேர் 10 பைட் மட்டும் பதில் கொடுத்தும் யூசர் கேட்ட 200 பைட்டையும் காப்பி பண்ணிக் கொடுக்கிற கோடும் இதே ரகம்தான், பஃபரை கேஇசட்அல்லாக்ல (பூஜ்யமாக்கி ஒதுக்கிற ஃபங்ஷன்) எடுக்கலன்னா மீதி 190ம் வேற யாரோட டேட்டாவோ.

ஃப்ளாப்பி டிரைவரைச் சொல்லாம விட முடியாது. 2014 மே மாசம், சிவிஇ-2014-1737, 1738. ரா கமாண்ட் அனுப்புற ஐஓசிடிஎல், யூசர் கொடுக்கிற ஸ்ட்ரக்டுக்குள்ளயே கெர்னல் தனக்குன்னு வச்சிருந்த பாயிண்டரும் இருந்துச்சு. மொத்தமா காப்பி பண்ணும்போது யூசர் போட்ட பாயிண்டரும் உள்ள வந்துடும், எரர் பாதையில போனா கெர்னல் அதையே கேஃப்ரீ பண்ணும் (மெமரியை விடுவிக்கும்), திருப்பிக் கொடுக்கும்போது கெர்னலோட நிஜ பாயிண்டரும் வெளிய போகும். யூசருக்குக் காட்டுற ஸ்ட்ரக்ட் வேற, உள்ள வச்சுக்கிற ஸ்ட்ரக்ட் வேறன்னு பிரிச்சிருந்தா இது நடந்தே இருக்காது. இதை நான் பேட்ச்ல பார்த்தா அடுத்த வரிக்கே போக மாட்டேன், அங்கயே நிறுத்திடுவேன்.

* * *

நான் ஸ்டோரேஜ் பக்கம் ரொம்ப வருஷமா இருக்கேன். மேல ரெண்டு பேரும் மெமரி பத்தியே பேசுறீங்க, சரிதான், ஆனா மெமரி எல்லாம் பக்காவா இருந்தும் கமாண்டே ஹார்டுவேரைக் கொன்ன கதை ஒண்ணு இருக்கு. 2003 அக்டோபர், மாண்ட்ரேக் லினக்ஸ் 9.2 வந்தப்ப இன்ஸ்டால் பண்ணவங்களோட எல்ஜி சிடி டிரைவ் நிறைய செத்துப் போச்சு. கெர்னல் அனுப்புனது ஃப்ளஷ் கேஷ்னு ஒரு சாதாரண கமாண்ட் (தற்காலிக மெமரில இருக்கிறதை டிஸ்க்ல எழுதிடச் சொல்றது). எழுத முடியாத டிரைவ் அதை எரர் சொல்லி நிராகரிக்கணும், ஆனா அந்த எல்ஜி ஃபர்ம்வேர்ல (டிரைவுக்குள்ளயே இருக்கிற சாஃப்ட்வேர்) அதே கமாண்டை ஃபர்ம்வேர் அப்டேட்டுக்கு வச்சிருந்தாங்க. தப்பு டிரைவ்லதான், ஆனா நஷ்டப்பட்டது வாங்கினவங்க. அதுக்கப்புறம் "ஸ்பெக்ல இருக்கு, அதனால அனுப்பலாம்"னு யாராவது சொன்னா நான் டிவைஸ் ஐடி லிஸ்ட் கேப்பேன்.

அடுத்த வருஷமே, 2004 ஆகஸ்ட்ல 2.6.8 கெர்னல்ல, சாதாரண யூசர் அனுப்புற எஸ்ஜி ஐஓ (டிஸ்க், சிடி டிரைவுக்கு நேரா கமாண்ட் அனுப்புற ஐஓசிடிஎல்) கமாண்டுக்கு ஒரு அனுமதிப் பட்டியல் வச்சாங்க. அதுக்கு முன்னாடி டிவைஸைத் திறக்க முடிஞ்சா போதும், ஃபர்ம்வேரை எழுதுற கமாண்டைக்கூட அனுப்பலாம். பட்டியல் வந்ததும் ரூட் இல்லாம சிடி பர்ன் பண்ணிட்டு இருந்தவங்களுக்கு எல்லாம் நின்னுபோச்சு, ஒரே சத்தம். அந்தச் சத்தத்தை நான் தப்பு சொல்ல மாட்டேன், வேலை செஞ்சுட்டு இருந்தது நின்னா யாருக்கும் கோவம் வரும். ஆனா பட்டியல் சரியான முடிவுதான், டிரைவர் பிறக்கும்போதே அது இருந்திருந்தா யாருக்கும் எதுவும் உடைஞ்சிருக்காது. புது டிரைவர் ரிவ்யூவுக்கு வந்தா இப்பவே பட்டியல் கேளுங்கன்னு சொல்றது இதனாலதான்.

எங்க வரைக்கும் போகும்னும் பாருங்க. சிவிஇ-2011-4127ல பார்ட்டிஷன் மேல எஸ்ஜி ஐஓ அனுப்பினா கெர்னல் அதை முழு டிஸ்குக்கும் அனுப்பிச்சுது. வர்ச்சுவல் மெஷினுக்கு ஒரே ஒரு பார்ட்டிஷன் கொடுத்திருந்தா உள்ள இருக்கிற கெஸ்ட் மொத்த டிஸ்கையும் படிக்கலாம், எழுதலாம். ஓப்பன் பண்ணும்போது பார்த்த பர்மிஷன் பார்ட்டிஷனுக்கு, கமாண்ட் போய்ச் சேர்ந்தது டிஸ்குக்கு.

இன்னொண்ணு புதுசு, என்விஎம்இ (எஸ்எஸ்டி டிரைவோட பேசுற முறை) பாஸ்த்ரூ, சிவிஇ-2023-6238. யூசர் மெட்டாடேட்டா பஃபர் 8 பைட்னு சொல்றாரு, கெர்னல் 8 பைட் ஒதுக்குது, கெர்னல் கணக்குல எல்லாமே சரி. ஆனா டிரைவ் அந்த 8ஐப் பார்க்கவே பார்க்காது, நேம்ஸ்பேஸ் (டிரைவ்ல பிரிச்சு வச்ச ஒரு பகுதி) எப்படி ஃபார்மட் ஆயிருக்கு, கமாண்ட்ல எத்தனை பிளாக் கேட்டிருக்கு, இதை வச்சுதான் அது டிஎம்ஏ பண்ணும் (சிபியு வழியா இல்லாம நேரா மெமரியைத் தொடும்). பிளாக்குக்கு 8 பைட் மெட்டாடேட்டா, 16 பிளாக் கேட்டா 128 பைட்டை அந்த 8 பைட் பஃபர்ல எழுதிட்டுப் போயிட்டே இருக்கும். ப்ரிவிலேஜ் உள்ள யூசர்தான் பண்ண முடியும்னாலும் கெர்னல் மெமரி கெட்டது கெட்டதுதான். இதை கோடை மட்டும் படிச்சு கண்டுபிடிக்கவே முடியாது, அந்தக் கமாண்டுக்கு டிவைஸ் என்ன செய்யும்னு ஸ்பெக்கைப் பக்கத்துல வச்சுக்கிட்டுத்தான் படிக்கணும்.

* * *

விண்டோஸ் பக்கத்துல இருந்து ஒரு குரல். மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டு கூட வர்ற ஃபேன் ஸ்பீடு, ஓவர்கிளாக் யுட்டிலிட்டி டிரைவர் எல்லாம் திறந்து பார்த்தா பாதி இதே கதை. பிசிக்கல் மெமரி மேப் பண்ண ஒரு ஐஓசிடிஎல், போர்ட்ல எழுத ஒண்ணு, எம்எஸ்ஆர் (சிபியுவோட கட்டுப்பாட்டு ரிஜிஸ்டர்) எழுத ஒண்ணு, அட்ரஸ் யூசரே கொடுப்பாரு. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரோட ஆர்டிகோர்64 இப்படித்தான் இருந்துச்சு, சிவிஇ-2019-16098, லாகின் பண்ண எந்த யூசரும் கெர்னல் மெமரியைப் படிக்க எழுத முடிஞ்சுது. ஜிகாபைட்டோட ஜிடிரைவ் டிரைவரை 2020ல ராபின்ஹுட் ரான்சம்வேர் கும்பல் கூடவே கொண்டு வந்து லோடு பண்ணி ஆன்டிவைரஸை நிறுத்த பயன்படுத்தினாங்க. டிரைவர்ல கையெழுத்து ஒழுங்கா இருந்துச்சு, விண்டோஸ் லோடு பண்ணிடுச்சு. அதனால உங்க கம்பெனி சாஃப்ட்வேர் இன்ஸ்டாலே பண்ணாத ஆளுக்கும் உங்க டிரைவரால பாதிப்பு வரும், இதை மேனேஜர்களுக்குப் புரிய வைக்க நான் நிறையவே பேசியிருக்கேன்.

நான் ரிவ்யூக்கு உக்காந்த ஒரு ஃபேக்டரி டெஸ்ட் டிரைவர்ல எல்லா ஐஓசிடிஎல்லும் ஃபைல் எனி ஆக்சஸ் (எந்த அனுமதியோட திறந்தாலும் கூப்பிடலாம்), டிவைஸ் உருவாக்கும்போது செக்யூரிட்டி டிஸ்கிரிப்டரே (யாரு திறக்கலாம்னு சொல்றது) கொடுக்கல. "ஃபேக்டரியை விட்டு வெளிய போகாது"ன்னாங்க. கஸ்டமருக்குப் போற இன்ஸ்டாலரைத் திறந்து காட்டினேன், அதுக்குள்ள இருந்துச்சு. ரூம்ல யாரும் அதுக்கு மேல பேசல, டிரைவரை ரெண்டாப் பிரிச்சாங்க.

மெத்தட் நெய்தர் (யூசர் பாயிண்டர் அப்படியே டிரைவருக்கு வர்ற ஐஓசிடிஎல் வகை) பார்த்தா நேரா ப்ரோப் ஃபார் ரீட் (அந்த பாயிண்டர் யூசர் மெமரிலதான் இருக்கான்னு பார்க்கிற ஃபங்ஷன்) இருக்கான்னு தேடுங்க, இருந்தாலும் ப்ரோப் பண்ணதுக்கப்புறம் யூசர் பஃபரை நேரடியாவே படிக்கிறாங்களான்னு பாருங்க, முதல் பதிவுல சொன்ன அதே ரெண்டு தடவை எடுக்கிற பிரச்சனை அங்கயும் வரும். மெத்தட் பஃபர்டு (கெர்னலே டேட்டாவைத் தன் பஃபருக்கு காப்பி பண்ணிக் கொடுக்கிற வகை) பாதுகாப்புதான், ஆனா உள்ள வர்றதுக்கும் வெளிய போறதுக்கும் ஒரே சிஸ்டம் பஃபர், நிரப்பினதை விட அதிக லென்த்தை இன்ஃபர்மேஷன்ல (எத்தனை பைட் திருப்பிக் கொடுக்கணும்னு சொல்ற ஃபீல்டு) போட்டா கெர்னல் குப்பை வெளிய போயிடும்.

* * *

அண்ணா, நான் இப்பத்தான் பி.இ. முடிச்சு இந்த வேலைக்கு வந்திருக்கேன். சி தெரியும், கெர்னல் கோட் படிக்கத் தெரியும், ஆனா ரிவ்யூன்னு உக்காந்தா எங்க இருந்து ஆரம்பிக்கிறதுன்னே புரியல. மேல இருந்து கீழ வரைக்கும் வரிசையா படிச்சா எல்லாமே சரியா இருக்கிற மாதிரியே தெரியுது. டூல் ஏதாவது போதுமா?

* * *

தம்பி, .சி ஃபைலைத் திறக்காத, முதல்ல யூஏபிஐ ஹெட்டரைத் திற. யூசரும் கெர்னலும் பேசிக்கிற ஸ்ட்ரக்ட் அங்கதான் இருக்கும். அதுல லாங், பாயிண்டர் இதெல்லாம் நேரடியா இருக்கக்கூடாது, 32 பிட் அப்ளிகேஷன் 64 பிட் கெர்னல்ல ஓடும்போது அமைப்பு மாறிடும், பாயிண்டர் வேணும்னா யூ64ஆ வைக்கச் சொல்லு. யூ64 ஃபீல்டு 8ஆல வகுபடுற இடத்துல இருக்கான்னும் பாரு, 32 பிட் எக்ஸ்86ல அது 4 பைட் அலைன்மெண்ட்லயே உக்காந்துடும். அப்புறம் ஒரு பேப்பர்ல ஒவ்வொரு ஃபீல்டா எழுதிக்கோ, இது எங்க உள்ள வருது, எங்க செக் ஆகுது, எங்க பயன்படுது, ஹார்டுவேர் இதை என்னன்னு எடுத்துக்குது. அந்தப் பேப்பரை வச்சுக்கிட்டு ஹேண்ட்லரைப் படிச்சா, செக் ஆகாத ஃபீல்டு தானா தெரியும். சைஸுக்கு லிமிட் இருக்கா, இண்டெக்ஸா பயன்படுற நம்பருக்கு செக் மட்டும் இருக்கா இல்ல அர்ரே இண்டெக்ஸ் நோஸ்பெக்கும் இருக்கா (2018ல ஸ்பெக்டர்னு, சிபியு ஊகிச்சு முன்கூட்டியே ஓட்டுறதை வச்சு மெமரியைத் திருடுற தாக்குதல் வந்ததுக்கப்புறம் அது தேவை), காப்பி ஃப்ரம் யூசர் திருப்பித் தர்ற நம்பரை எரர் கோடுன்னு நினைச்சு அப்படியே ரிட்டர்ன் பண்ணியிருக்காங்களா, அது காப்பி ஆகாம மிச்சம் இருக்கிற பைட் எண்ணிக்கை, எரர் இல்ல, ஈஃபால்ட்தான் (தப்பான அட்ரஸ்ங்கிற எரர்) கொடுக்கணும்.

டூல் கண்டிப்பா ஓட்டு. யூசர் பாயிண்டரை நேரடியா தொட்டா ஸ்பார்ஸ் சொல்லிடும், ஸ்மாட்ச் செக் பண்ணாத நம்பரை நிறைய பிடிக்கும், கேசான் (தப்பா மெமரி தொடுறதைப் பிடிக்கிறது) போட்ட கெர்னல்ல சிஸ்காலர் ஓட்டினா நீ யோசிக்காத காம்பினேஷன் எல்லாம் அது அடிச்சுப் பார்க்கும், ஆனா உன் ஐஓசிடிஎல்லோட ஸ்ட்ரக்டை நீ அதுக்கு எழுதிக் கொடுக்கணும், இல்லன்னா வாசல்லயே நின்னுடும். ஸ்டோரேஜ்காரர் சொன்ன என்விஎம்இ மாதிரி விஷயத்தை மட்டும் ஸ்பெக் படிக்காம பிடிக்கிறது கஷ்டம்.

டிவைஸ் நோடோட பர்மிஷனையும் மறக்காத. 2012 டிசம்பர்ல சாம்சங்கோட எக்ஸினாஸ் 4 போன்கள்ல, எஸ்3, நோட் 2 எல்லாம், எக்ஸினாஸ் மெம்னு ஒரு டிவைஸ் எல்லா ஆப்பும் திறக்கிற மாதிரி இருந்துச்சு, அது வழியா மொத்த பிசிக்கல் மெமரியும் கிடைச்சுது. கோட் எவ்வளவு நல்லா இருந்தாலும் இனிட் ஸ்கிரிப்ட்ல 0666 (எல்லாரும் படிக்க எழுத அனுமதி) போட்டுட்டா என்ன பிரயோஜனம்.

மத்தவங்களுக்கு, முதல் பதிவுல நான் சொன்ன பேட்ச் விஷயம் எங்க நிக்குதுன்னு சொல்லிடறேன். ஒரே தடவை மெம்டப் யூசர்ல (மெமரி ஒதுக்கி காப்பியும் பண்ற ஃபங்ஷன்) எடுத்து கெர்னல் காப்பியை மட்டும் நம்புற மாதிரி மாத்திட்டாங்க, டேட்டாஷீட்ல இருக்கிற அதிகபட்ச சைஸும் வந்துடுச்சு. கமாண்ட் பட்டியல்தான் இழுத்துச்சு, ரகசியம்னு சொல்லி கொடுக்க மாட்டேன்னாங்க, கடைசில டாக்குமெண்ட்ல இருக்கிற கமாண்டை மட்டும் எல்லாருக்கும் விடுறது, மீதி எல்லாத்துக்கும் கேப் சிஸ் ராஐஓ (ஹார்டுவேரை நேரா தொடுறதுக்கான சிறப்பு அனுமதி) கேக்கிறதுன்னு முடிவாச்சு. பாக்கி ஒண்ணு இருக்கு. ஒரு த்ரெட் ஐஓசிடிஎல்லுக்குள்ள பதிலுக்குக் காத்துட்டு இருக்கும்போதே டிரைவரை அன்பைண்ட் பண்ணா (டிவைஸ்ல இருந்து பிரிச்சா) டிவைஸ் ஸ்ட்ரக்ட் ஃப்ரீ ஆயிடுது, திரும்பி வர்ற த்ரெட் அதையே தொடுது. கேரெஃப் (எத்தனை பேரு பயன்படுத்துறாங்கன்னு எண்ணி, கடைசி ஆள் விட்டப்புறம் ஃப்ரீ பண்றது) வைக்கச் சொல்லியிருக்கேன், அவங்க ரிமூவ்ல எல்லாரும் வெளிய வர்ற வரைக்கும் காத்திருக்கிறோம்னு சொல்றாங்க, ஹார்டுவேர் பதிலே சொல்லலன்னா அது அங்கயே தொங்கும்னு நான் சொல்றேன். இதை யாராவது மைக்ரோகண்ட்ரோலர் டிரைவர்ல சரி பண்ணியிருந்தா எப்படின்னு எழுதுங்க, அடுத்த வெர்ஷன் வர்றதுக்குள்ள அவங்ககிட்ட காட்டணும்.